பனிமலைக்கு எழுதிக் கேட்ட மூன்று கேள்விகள்

சுதந்திரம் வந்த மறு வருடம் என் கணவர் காஷ்மீர் மலையில் ராணுவ டாக்டராக இருந்தார். நான் மைசூரில் எங்கள் எட்டு மாதப் பையனோடு இருந்தேன். அவருக்குக் கூடாரம்தான் ஆஸ்பத்திரி. மருந்துப் புட்டிகள் உறைந்துவிடாமலிருக்கத் தம் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு படுப்பாராம். கோவேறு கழுதைமேல் வைத்துக் கட்டிக் கொண்டுவரப்படும் சிப்பாய்களுக்குப் பனியில் கறுத்துப்போன கால்விரல்களை வெட்டியெடுத்துவிட்டு, அதே கையோடு எனக்குப் பதில் எழுதுவார்.

குழந்தைக்கு எதுவானாலும் அவரைக் கேட்டுத்தான் செய்வேன். கடிதம் போய்ப் பதில் வர மூன்று வாரமாகும். நேரமில்லாதவர் என்பதால் கேள்விகளுக்கு எண் போட்டு எழுதச் சொல்லியிருந்தார். அந்த முறை அம்மை குத்துவது, பசும்பால் கொடுப்பது, மொட்டை அடிப்பது மூன்றையும் கேட்டிருந்தேன்.

பதில் வந்தது. "1. மழை முடியட்டும். 2. தாமதிக்காதே. 3. இப்போது வேண்டாம்."

எது எதற்கான பதில்? நான் எழுதிய கடிதத்தை நான்கு முறை கிழித்து எழுதியிருந்தேன். ஒவ்வொரு முறையும் எது முக்கியம் என்று யோசித்து வரிசையை மாற்றியிருந்தேன். கடைசியாகத் தபாலில் போனதில் அம்மை எத்தனையாவது? ஞாபகமே வரவில்லை. மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் பெரியம்மை கண்டிருந்தது. அம்மை குத்துகிறவர் அன்றைக்கு எங்கள் தெருமுனையிலேயே வந்து உட்கார்ந்திருந்தார்.

பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னும் கிளம்பலையாம்மா? அவர் பெட்டியை மூடிடுவார்."

"மழை முடியட்டும்னது இதுக்கா, மொட்டைக்கா? ஒண்ணும் புரியலை அக்கா."

அக்கா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார். "சரியாப்போச்சு! மறுபடி எழுதிக் கேட்டு மூணு வாரம் உக்காந்திருப்பியா? அம்மை அதுவரைக்கும் வாசல்ல நிக்குமா?"

"அவர் வேண்டாம்னு சொல்லியிருந்தா?"

"ஏம்மா, அங்கே அவர் கத்தியை எடுக்கறப்போ யாருக்குக் கடுதாசி போட்டுக் கேக்கறார்?"

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமலே ஓடினேன். "பேக பன்னி அம்மா!" சீக்கிரம் வாங்க என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினார் அம்மை குத்துகிறவர். கருவியைப் பையன் கையில் வைத்து ஒரு திருகு. பையன் வீறிட்டான். எனக்கோ பயம்தான், ஆனால் அதில் ஏதோ சந்தோஷமும் கலந்திருந்தது.

மூன்று நாள் ஒன்றுமே தெரியவில்லை. வீண்தானோ என்று தவித்தேன். ஏழாம் நாள் கை வீங்கிக் காய்ச்சல் கொதித்தது. அவரைக் கேட்காமல் செய்த பலன் என்று அழுதேன். அக்கா வந்து பையனின் சட்டைக் கையை மெல்ல விலக்கினார்.

"பாரு, கொப்புளம் முத்து மாதிரி! நல்லா எடுத்திருக்கு, மருந்து பிடிச்சிருக்குன்னு அர்த்தம். இந்தக் காய்ச்சல் வந்ததுக்குச் சர்க்கரை கொடுடி எனக்கு!"

பத்தாம் நாள் காய்ச்சல் விட்டு, பையன் தட்டை ஓங்கி அடித்து விளையாடினான். "குழந்தைக்கு அம்மை குத்தியாயிற்று, நன்றாக எடுத்திருக்கிறது" என்று அவருக்கு எழுதி, கையோடு தபாலில் சேர்த்தேன். பெட்டிக்குள் விழுந்த பிறகு, 'உங்களைக் கேட்காததற்கு மன்னியுங்கள்' என்று ஒரு வரி சேர்த்திருக்கலாமோ என்று தோன்றியது. சற்று நேரம் அங்கேயே நின்றேன். பிறகு, வேண்டாம், இதுவே போதும் என்று வீட்டுக்கு நடந்தேன்.