ஏரிக்கரை வீட்டுக்குப் போகாத எட்டு நாள்

வேன் அக்காவை எனக்குப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும். ஒரே கட்டடம், அவள் இரண்டாம் மாடி, நான் மூன்றாம் மாடி. ஆனாலும் அவளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை எழுத எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. ஒருவரை நல்லவர் என்று சொல்வதற்கு முன், தப்பித்துக்கொள்ள வழி இருந்தும் அவர் எங்கே தப்பித்துக்கொள்ளவில்லை என்று பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்தப் புதுக் காய்ச்சல் பரவத் தொடங்கிய வருடம்தான் அவளுக்கு அப்படியோர் இடம் வாய்த்தது. அங்கேயும் அவள் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தாள். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அவள் ஓட்டுவது டயாலிசிஸ் மையத்தின் வேன். சிறுநீரகம் பழுதான ஆறு பேரை வாரத்தில் மூன்று நாள் வீடு வீடாகப் போய் ஏற்றிக்கொண்டு வந்து, நாலு மணி நேரம் ரத்தம் சுத்தமான பிறகு திரும்பவும் வீட்டில் கொண்டுபோய் விடுவாள். ஓட்டுவது சுலபம், உட்கார வைப்பதுதான் கஷ்டம் என்பாள். அந்த ஆறு பேருக்கும் ஏதாவதொரு கையில் ஊசி ஏற்றுவதற்கென்று ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருப்பார்கள். அந்தக் கையை எதுவும் அழுத்தக் கூடாது, சீட் பெல்ட்கூட. அதனால் இடது கையில் தைத்தவர்கள் வலது வரிசையில் உட்கார வேண்டும், வலது கையில் தைத்தவர்கள் இடது வரிசையில். ஆறு பெல்ட்டையும் அவளே மாட்டுவாள். திரும்பும்போது மையத்தில் ஏற்றி முடிக்க இருபது நிமிடம் ஆகும். அதுவரை தொலைபேசி அடித்தால் எடுக்க மாட்டாள்.

இன்னொரு வழக்கம், வேகத்தடை வருவதற்கு முன் சத்தமாகச் சொல்வது: "மேடு வருது." சிகிச்சை முடிந்து திரும்பும்போது உடம்பு பிழிந்த துணி மாதிரி இருக்கும். எதிர்பாராத ஒரு குலுக்கல் வயிற்றைப் புரட்டிவிடும். சொல்லிவிட்டால் பிடித்துக்கொள்வார்கள். மையத்திலிருந்து கடைசி வீடு வரை ஒன்பது வேகத்தடை. ஒன்பது முறையும் சொல்வாள். அந்த ஆறு பேரில் ஒருவரான, எனக்கும் பழக்கமுள்ள ஓய்வுபெற்ற தபால்காரர், அவளைக் 'கேப்டன்' என்றுதான் கூப்பிடுவார்.

"கேப்டன், இந்த ரோட்டுல முப்பது வருஷம் சைக்கிள் மிதிச்சிருக்கேன். மேடு எங்கேன்னு எனக்கே சொல்றீங்களே!"

"உங்களுக்குத் தெரியும் சார். உங்க வயித்துக்குத் தெரியாதுல்ல?"

அவளுக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை. தம்பி சரக்குக் கப்பலில் இன்ஜினியர். பதினாலு மாதத்துக்கு ஒரு முறைதான் கரை ஏறுவான். தங்கை வேறோர் ஊரில் பள்ளி ஆசிரியை. மூன்று பேரும் ஒரே இடத்தில் இருந்து நாலு வருடம் ஆகியிருந்தது. அந்த வருடம் எல்லாம் கூடி வந்தது. ஓர் ஏரிக்கரையில் பெரிய வீடொன்றை எட்டு நாளைக்குப் பேசி வைத்திருந்தார்கள். மூன்று குடும்பம், மொத்தம் பதினோரு பேர். வேன் அக்காவின் மகளுக்கு அப்போது பத்து வயது. ஏரியில் முங்குவதற்காகத் தினமும் சாயங்காலம் பிளாஸ்டிக் வாளியில் முகத்தை அமுக்கி மூச்சடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு நொடி வரை வந்திருந்தாள். எண்ணிக்கை மேல்மாடிக்குக் கேட்கும். எண்ணுகிற வேலை அப்பாவுடையது.

அப்போதுதான் காய்ச்சல் செய்தி வரத் தொடங்கியது. முதலில் தூரத்து ஊர்களில், பிறகு விமான நிலையங்களில், பிறகு பக்கத்தில். ஆனால் எதுவும் மூடப்படவில்லை. ரயில் ஓடியது, விமானம் பறந்தது. 'முடிந்தால் பயணத்தைத் தவிர்க்கவும்' என்று மட்டும் அறிவித்தார்கள். அந்த 'முடிந்தால்' என்ற சொல் எத்தனை வீடுகளில் எத்தனை பேரைத் தூங்கவிடாமல் செய்ததோ தெரியாது. கட்டாயம் என்று சொல்லியிருந்தால் திட்டிவிட்டுக் கீழ்ப்படிந்திருக்கலாம். அவரவரே முடிவெடுங்கள் என்று விட்டதுதான் பாரம்.

அவள் மைய நிர்வாகியிடம் கேட்டாள். "விதின்னு எதுவும் இன்னும் வரலைம்மா. போயிட்டு வாங்க. எட்டு நாளைக்கு வேற டிரைவர் ஏற்பாடு பண்ணியாச்சு. திரும்பி வந்து முகக்கவசம் போட்டுக்கோங்க, போதும்" என்றார் அவர்.

"வந்த பிறகு ரெண்டு வாரம் தள்ளி இருக்கணும்னா?"

"அதுக்கு ஆள் இல்லையே."

கணக்கு அவளுக்கு அங்கேயே விளங்கிவிட்டது. தம்பி மூன்று விமான நிலையங்களைத் தாண்டி வருவான். தங்கை ரயிலில் வருவாள். எட்டு நாள் ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டு, ஒன்பதாம் நாள் காலையில் இவள் ஆறு பேரின் முகத்துக்கு நேரே குனிந்து பெல்ட் மாட்ட வேண்டும். அந்த ஆறு பேருக்கும் சாதாரணச் சளி வந்தாலே மருத்துவமனைதான்.

விளங்கியதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை.

அந்தக் குடும்பத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரும் எதற்கும் 'வேண்டாம்' என்று நேராகச் சொல்ல மாட்டார்கள். தொலைபேசியில் குடும்பக் குழு ஒன்று இருந்தது. யார் எதைப் போட்டாலும் மற்றவர்கள் கட்டைவிரல் படத்தைப் போட்டுவிடுவார்கள். 'எல்லாரும் ரெடிதானே?' என்று தம்பி கேட்டான். தங்கை கட்டைவிரல் போட்டாள். அதைப் பார்த்து இவளும் போட்டாள். தம்பி காற்றடைக்கிற ரப்பர் படகு ஒன்றை வாங்கிப் படம் அனுப்பினான். அதற்கும் கட்டைவிரல். ஒன்பது வேகத்தடைக்கும் முன்கூட்டியே குரல் கொடுக்கிறவள், இந்த ஒரு மேட்டுக்கு ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை.

பத்தாம் நாள் ஏரிக்கரை வீட்டுக்காரரே கூப்பிட்டார். நல்ல வாயாடி மனிதர் போலிருக்கிறது.

"என்னம்மா, வர்றீங்களா? இல்லை நான் வில்லன் ஆகணுமா?"

"புரியலைங்க."

"நேத்து மட்டும் மூணு குடும்பத்துக்கு நான்தான் வில்லன். வீட்டைத் தர முடியாதுன்னு நானே சொன்னதா சொல்லச் சொல்றாங்க. பிள்ளைங்க என்னைத் திட்டுவாங்க, பெத்தவங்க நல்ல பேரோட தப்பிச்சுக்குவாங்க. எனக்கென்ன, உங்களுக்கும் வேணும்னா சொல்லிடறேன்."

கணவர் பக்கத்தில்தான் இருந்தார். மிக்ஸி, மின்விசிறி பழுது பார்க்கிறவர். சிக்கலான எதையும் சுற்றுவழியில் இணைத்து ஓடவைத்துவிடுவார். "பேசாம சரின்னு சொல்லிடு. யார் மனசும் நோகாது. உன் தம்பி அவரைத் திட்டிட்டுப் போறான்" என்றார்.

அவள் கணவரைக் கையமர்த்தினாள். பிறகு வீட்டுக்காரரிடம், "வேண்டாங்க. நாங்க வரலை. நான்தான் சொன்னேன்னு நானே சொல்லிக்கிறேன்" என்றாள்.

இதை எனக்குச் சொன்னவர் அவள் கணவர். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளிடமே படிக்கட்டில் வைத்துக் கேட்டேன். அவள் ஒரு பழைய கதை சொன்னாள். அவளுக்கு எட்டு வயதில் அப்பா கடலுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். அன்று காலையில், பஸ் ஓடவில்லையாம் என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் அவள் தெருமுனையில் நின்றபோது அந்த பஸ் வந்தது. நிறையப் பேர் மணல் ஒட்டின காலோடு இறங்கினார்கள்.

"கடலுக்குப் போகாததுகூட மறந்துபோச்சு சார். பஸ்ஸுதான் மறக்கலை" என்றாள்.

முதலில் மகளிடம் சொன்னாள். வாளியும் துண்டும் தயாராக இருந்த நேரம்.

"நாம ஏரிக்குப் போகலை."

"அரசாங்கம் சொல்லிடுச்சா?"

"இல்லை. நான்தான் முடிவு பண்ணேன். வேன்ல வர்றவங்களுக்கு என்னால காய்ச்சல் வந்திடக் கூடாது."

"அவங்களா போக வேணாம்னாங்க?"

"அவங்க கேட்கவே இல்லை. நானாத்தான்."

மகள் யோசித்தாள். "அப்போ உன்மேல கோபப்படலாமா?"

"படலாம்."

"எத்தனை நாள்?"

"லீவு எத்தனை நாளோ, அத்தனை நாள்."

"எட்டு நாள். பேச மாட்டேன்." கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு நிமிடம் கழித்துத் தலையை நீட்டி, "அப்பாகிட்ட பேசுவேன்" என்றாள்.

"அடேங்கப்பா, நான் தப்பிச்சேன்" என்றார் கணவர். இரண்டு பேரும் அவரை முறைத்தார்கள்.

பிறகு குடும்பக் குழுவில் எழுதாமல், இருவரையும் வீடியோவில் கூப்பிட்டாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, நானும் ஒரு வாரமா இதையேதான் மென்னு முழுங்கிட்டிருக்கேன். நீங்க ரெண்டு பேரும் ஆசையா இருக்கீங்களேன்னு கட்டைவிரலைப் போட்டுட்டேன்" என்றாள்.

தம்பி சிரிக்கவில்லை. அவனுக்கு உண்மையிலேயே போக வேண்டும்.

"எப்போக்கா உனக்குத் தோணுச்சு?"

இந்தக் கேள்விக்கு ஒரு சின்னப் பொய் போதும். நேற்றுத்தான் என்றிருக்கலாம்.

"ஒம்பது நாளாச்சு" என்றாள்.

"போன வாரமே சொல்லியிருந்தா லீவை ரெண்டு மாசம் தள்ளிப் போட்டிருப்பேன். இன்னொருத்தன் மாத்திக்கத் தயாரா இருந்தான். அவனை வேணாம்னு சொல்லிட்டேன். இனி அடுத்த வருஷம்தான், தெரியுமா?"

"தெரியாதுடா. தெரிஞ்சுக்கிட்டிருக்கணும். தப்பு என்னோடதுதான்."

"உனக்கு வேன்ல வர்றவங்கதான் சொந்தம். நான் யாரோ." திரை அணைந்துவிட்டது.

அவள் அதற்குப் பதில் எதுவும் எழுதி அனுப்பவில்லை. சூழ்நிலை அப்படி, என்ன செய்வது, எல்லாம் காலத்தின் கோலம் என்றெல்லாம் நாம் எழுதுவோமே, அதில் ஒரு வரிகூட இல்லை. மறுநாள் காலை வழக்கம்போல் வேனை எடுத்தாள். அந்த எட்டு நாளிலும் விடுமுறை எடுக்காமல், சிகிச்சை நாள் தவறாமல் ஓட்டினாள். யாருக்காக எதை விட்டாள் என்பதை அந்த ஆறு பேரிடம் அவள் சொல்லவில்லை. தபால்காரருக்குப் பின்னால் தெரிந்ததுகூட நான் வாய் தவறிச் சொன்னதால்தான். மகள் ஐந்தாம் நாளே கோபத்தை மறந்து பேசிவிட்டாள். நினைவு வந்ததும், மீதி மூன்று நாளைப் பிறகு எடுத்துக்கொள்வதாகச் சொன்னாளாம்.

அந்த ஆறு பேருக்கும் காய்ச்சல் வரவில்லை. அதை வைத்து அவள் செய்தது சரி என்று நான் வாதாட மாட்டேன். போய்வந்திருந்தாலும் வராமல் இருந்திருக்கலாம். நடக்காத ஒன்றைக் காட்டி எதையும் நிரூபிக்க முடியாது. நான் பார்ப்பது வேறு. பழியைப் போட ஆள் கிடைத்தபோது அவள் போடவில்லை. தன் ஒன்பது நாளை ஒரு நாளாகக் குறைத்துச் சொல்ல வாய்ப்பு இருந்தபோதும் குறைக்கவில்லை. நிறையப் படித்தவர்களிடமும் நான் இதை அதிகம் கண்டதில்லை, என்னிடமும்தான்.

தம்பி அந்த விடுமுறையைத் தன் ஊரில் மனைவி, மகனோடு கழித்தான். அக்காவோடு பேசவில்லை. திரும்பக் கப்பலில் சேர அவன் எங்கள் ஊர் விமான நிலையத்துக்குத்தான் வர வேண்டியிருந்தது. அன்றைக்கு நடந்ததைத் தபால்காரர் எனக்குச் சொன்னார்.

மதியம், சிகிச்சை முடிந்து அவள் ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். தொலைபேசி அடிக்கிறது. வழக்கம்போல் எடுக்கவில்லை. எதிர்ப்பக்க நடைபாதையில் பெரிய பையோடு ஒருவன் நிற்கிறான், முகக்கவசம் போட்டிருக்கிறான்.

"கேப்டன், அங்கே ஒருத்தர் நம்மளையே பார்த்துட்டு நிக்கிறார். உங்க ரசிகரா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு தபால்காரரின் பெல்ட்டை மாட்டினாள், அடுத்தவருக்குப் போர்வையைச் சரிசெய்தாள், ஆறாவது ஆள் வரை முடித்தாள். அவன் அசையாமல் நின்றிருந்தான். கதவைச் சாத்தி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் கூப்பிட்டாள். வெயிலில் திரை தெரியாததாலோ என்னவோ ஒலிபெருக்கியில் போட்டுவிட்டாள், வேனுக்கே கேட்டது.

"ஆறு பேரை ஏத்த இவ்வளவு நேரமா? எங்க கப்பல்ல ஆயிரம் பெட்டி ஏறியிருக்கும்."

"பெட்டிக்குக் கை வலிக்காதுடா."

நடுவில் தெரு; அவன் கடந்து வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

"இன்னும் கோபம் இருக்குக்கா."

"இருக்கட்டும்."

"நீ வராததுக்கு இல்லை. அந்த ஒம்பது நாளுக்கு."

"அதுக்கு எனக்கும் என்மேல இருக்கு."

"அந்தப் படகை உன் பொண்ணுக்கு அனுப்பியிருக்கேன். வாளிக்குள்ள போகாது. சொல்லி வை."

அவள் சிரித்தபடி தலையை ஆட்டிவிட்டு, தொலைபேசியை அணைக்க மறந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தாள். மையத்தின் வாசலிலேயே முதல் வேகத்தடை.

"மேடு வருது" என்றாள்.

ஆறு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். சட்டைப் பையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பிடிச்சுக்கிட்டேன்."