இரண்டு மாமாக்கள்

கீழ்வீட்டு டெலிபோனில் செய்தி வந்தது. "கிட்டு மாமா போயிட்டார். ஆபீஸ் கிளம்பறச்சே மாரைப் பிடிச்சுண்டு உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கலை." அப்புறம் என்ன பேசினேன் என்று நினைவில்லை. என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். ஆனாலும் மாதுங்காவில் எங்கள் கட்டடத்துக்கே அவர் மாமா.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு போரிவலி காட்டுக்கு வந்தவர்களுக்கு சீதாபாயைத் தெரியும். காட்டுக்குள்ளேயே குடியிருக்கும் வார்லி பழங்குடிப் பெண். சிறுத்தை நடமாட்டத்தைக் கவனிக்கும் வேலையை அவள்தான் முன்னின்று நடத்த வேண்டும் என்று எங்கள் வனவிலங்குச் சங்கத்தில் ஒற்றைக்காலில் நின்றவர் மாமா.

முதல் நாள், முன்னால் நடந்துகொண்டிருந்த சீதாபாய் சட்டென்று நின்று, "மாமா" என்றாள் மெதுவாக. தம்மைத்தான் கூப்பிடுகிறாள் என்று, "ஹாங், க்யா மாங்தா?" என்ன வேண்டும் என்று கேட்டபடி இவர் பாட்டுக்கு முன்னே போனார். அவள் இவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். எதிர்ப்பாறையில் சிறுத்தை! காட்டுக்குள் அதன் பெயரை அவர்கள் சொல்வதில்லை. அவர்களுக்கு அதுதான் மாமா. ரயிலில் திரும்பும்போது இவர் பெருமூச்சு விட்டார்: "அந்த மாமாவுக்குத் தொந்தியே இல்லை, பார்த்தியோ?"

அந்தச் சிறுத்தை குட்டி போட்ட குகை எங்கே என்று சங்கத்தார் கேட்டபோது சீதாபாய் வாய் திறக்கவில்லை. ஆள் நடமாட்டம் கண்டால் தாய் குட்டிகளோடு இடம் மாறிவிடும் என்பது அவள் பயம். சங்கத்தார் குதித்தார்கள். மாமா அசையவில்லை.

"அவா காடு. எதைப் பார்க்கணும், எதை வெளியிலே சொல்லணும்னு அவாதான் முடிவு பண்ணணும். நாம கூடப் போறவா, அவ்வளவுதான்."

அதோடு பாதிப் பேர் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

போன ஞாயிறு நான் தனியாகப் போனேன். ரயிலில் பக்கத்து இடத்தில் அவருக்காகக் கர்ச்சீப் போட்டுவிட்டுப் பிறகு எடுத்துக்கொண்டேன். சீதாபாயிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை மராத்தியில், "மாமா கேலா" என்றேன். மாமா போய்விட்டார். அவள் பரபரப்பாக மரங்களுக்கிடையே பார்த்தாள்.

"குடே கேலா?" எந்தப் பக்கம் போச்சு என்று கேட்டாள்.

என் முகத்தைப் பார்த்தவள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

குகை எங்கே என்று சங்கத்தில் இப்போது மறுபடி கேட்கிறார்கள். நாம் கூடப் போகிறவர்கள், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன். அவருடைய அந்தப் பிடிவாதத்தை நான் எடுத்துக்கொண்டேன். ஆனால் இனிமேல் காட்டில் சீதாபாய் மெதுவாக "மாமா" என்றால், நான் முதலில் அவரைத்தான் தேடுவேன்.