எழுதியவர்

அரியலூர் வாசகசாலைக்காரரை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது; அவர்மேல் அல்ல. ஒல்லியான மனிதர். படக்கதைப் புத்தகம் எது வந்தாலும் மூக்கில் இடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும் பெயர்களையெல்லாம் தேடி எடுத்துப் பதிவேட்டில் ஏற்றுவார்.

ஒருநாள் என் எதிரிலேயே வாசகசாலைக் காரியதரிசி அவர்மேல் பாய்ந்தார். "'எழுதியவர்'ங்கிற எடத்துல எதுக்குய்யா மூணு பேரு? கதை எழுதுனவரு பேரு போதும். மத்தத அடி."

"கதை எழுதுனவரு ஒருத்தருங்க. படம் எழுதுனவரு ஒருத்தரு. படத்துல உள்ளவங்க பேசுறத முத்து முத்தா எழுதுனவரு இன்னொருத்தரு. மூணு பேருந்தாங்க எழுதுனாங்க. யார அடிக்கச் சொல்றீங்க?"

காரியதரிசி பேனாவைப் பிடுங்கி, தாள் கிழிய இரண்டு பெயர்களை அடித்தார். வாசகசாலைக்காரர் வாசல் பலகையைக் காட்டினார். தலைவர், காரியதரிசி, பொருளாளர், திறந்து வைத்தவர் என்று அதில் ஏழெட்டுப் பெயர்கள்.

"அப்ப அங்கயும் ஒரு பேரு போதுங்களா?"

மறுவாரமே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். பலகையை யாரும் தொடவில்லை. அதில் 'திறந்து வைத்தவர்' என்று இருப்பவர் ஒரே ஒருநாள் வந்து மாலை வாங்கிக்கொண்டு போனவர். தினமும் அந்தக் கதவைத் திறந்து வைத்தவரின் பெயர் அதில் இல்லை.