சிவப்பு ஓரத்துக்கு நாலு விரல்

பாரிவாக்கத்தில் என் நண்பன் வீட்டை விட்டு வெளியே வந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. ஆவடி ரோட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், மூன்று மணி வெயில். இரண்டு பக்கமும் மனைக்கல் நட்ட காலி இடங்கள், நடுநடுவே பூசாத புது வீடுகள். ஷேர் ஆட்டோ ஒன்று பக்கத்தில் வந்து வேகம் குறைத்தது. வேண்டாம் என்று கையை ஆட்டினேன். ஒரே ஒரு விஷயம் சொல்லத்தான் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். டீ குடித்தேன், பிஸ்கட் தின்றேன், அவன் சிரித்தபோது நானும் சிரித்தேன். அதை மட்டும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

நான் போனபோது அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். இடது கால் தொடையிலிருந்து கணுக்கால் வரை பட்டை போட்ட கறுப்பு உறைக்குள் நீட்டிக் கிடந்தது.

"இன்னா மச்சான், சாவு ஊட்டுக்கு வந்த மாறி ஒக்காந்துகினு கீற?" என்றான். "நான்தான்டா தப்பா திரும்பிட்டேன். மாஸ்டரு எத்தினி தபா சொன்னாரு. கபடி புத்தி, போவுமா?"

அவன் அக்கா அம்பத்தூரில் ஒரு துணிக் கம்பெனியில் வேலை செய்கிறவர். டம்ளரை என்னிடம் நீட்டியபடி, "கால் போனவன் சிரிக்கிறான், கால் கீறவன் மூஞ்ச தூக்கி வச்சினு கீறான். நல்லா கீது உங்க கத" என்றார்.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். லேத் பட்டறை, தண்ணி கேன், பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபத்தில் இலை போடுவது என்று பல வேலை செய்திருக்கிறேன். எந்த இடத்திலும் ஆறு மாதம் தாண்டியதில்லை. யாரும் துரத்தவில்லை, எனக்கே கால் நிற்காது. அப்படித்தான் ஆவடியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மேலே மாடியில் இருந்த எம்.எம்.ஏ சண்டை ஜிம்முக்கு வந்து சேர்ந்தேன். தரையில் விரித்த ரப்பர் மேட்டைக் கூட்டித் துடைத்து வைத்தால் அங்கேயே படுத்துக்கொள்ளலாம் என்றார் மாஸ்டர். துடைக்க ஆரம்பித்தவன் சண்டையும் கற்றுக்கொண்டேன்.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரு கேள்வி கேட்பார்கள். விதிப்படி செல்லுகிற அடி, பிடியில் எது ரொம்ப ஆபத்து? முழங்கையைத்தான் முதலில் நினைப்பார்கள். புருவம் கிழிந்து முகமெல்லாம் ரத்தம் வழியும்போது பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் தையல் போட்டால் ஆறிவிடும். தலையில் விழுகிற உதை அப்படியில்லை. ஒருமுறை வாங்கியிருக்கிறேன். எழுந்து உட்கார்ந்து, நான் எந்த பஸ்ஸில் வந்தேன் என்று மாஸ்டரைக் கேட்டேனாம். கழுத்தை நெரித்தால் கண்ணின் ஓரம் முதலில் இருட்டும், தோற்றேன் என்று கையால் தட்டுவதற்கு அவ்வளவு நேரம்தான். கையைப் பூட்டினால் முறிவதற்கு முன்னால் வலிக்கும். வலி ஒரு மரியாதை மாதிரி, முன்னால் வந்து சொல்லிவிட்டுப் போகும்.

ஹீல் ஹூக்குக்கு அந்த மரியாதை கிடையாது. எதிராளியின் காலை நம் இரண்டு காலுக்குள் பூட்டி, பாதத்தை அக்குளில் அடக்கி, குதிகாலை முழங்கை மடிப்பில் வைத்துத் திருக வேண்டும். திருகுவது குதிகாலை, போவது முழங்கால். அதுவரை பெரிதாக வலிக்காது. வலிக்கும்போது உள்ளே ஜவ்வு அறுந்திருக்கும். மாட்டிக்கொண்டவன் திருகுகிற பக்கமாகவே உருண்டு போக வேண்டும். எதிர்ப்பக்கம் திரும்பினால் தன் காலைத் தானே கெடுத்துக்கொள்வான். அதனால் எங்கள் மாஸ்டர் வைத்த சட்டம், பிடி, நிறுத்து, விடு. மற்ற பிடிகளில் எதிராளி தட்டும்வரை காத்திருக்கலாம். இதில் காத்திருக்கக் கூடாது.

எனக்கு அடுத்த மாதம் ஒரு போட்டி இருந்தது. அதில் இந்தப் பிடிக்கு அனுமதி உண்டு. பழகுவதற்கு ஜிம்மில் யாரும் எனக்குக் கால் கொடுக்கவில்லை. பாரிவாக்கம் நண்பன் இவன்தான் கொடுத்தான். இவன் சண்டைக்காரனே இல்லை, கபடிக்காரன். ஏரியா டீமில் பாடிப் போகிறவன். உடம்பைத் தேற்றத்தான் ஜிம்முக்கு வந்துகொண்டிருந்தான். மூன்று வாரத்தில் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கான செலக்‌ஷன் அவனுக்கு வைத்திருந்தார்கள். அந்த வேலைக்காகத்தான் ஏழு வருடம் பாடினான். "ஒனக்கு இல்லாத காலா மாமே, புடிச்சிக்க" என்று நீட்டினான்.

ஐந்து தடவை பிடித்தேன், நிறுத்தினேன், விட்டேன். ஆறாவது தடவை பிடித்து நிறுத்தியபோது அவன் சட்டென்று குப்புறத் திரும்பினான். திரும்பியதும் முன்னால் பாய்ந்து கையை நீட்டினான். எங்கள் மேட் நீலம், சுற்றி ஓரம் மட்டும் சிவப்பு. அவன் கை அந்தச் சிவப்பை நோக்கிப் போனது. தட்டுகிற கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது தட்டுகிற கை இல்லை, கோட்டைத் தொடப் போகிற கை. கபடியில் கணுக்கால் சிக்கினால் நடுக்கோட்டைத் தொட்டுவிட வேண்டும், தொட்டால் பிடித்தவன் அவுட். ஏழு வருடம் அந்தக் கை அதைத்தான் செய்தது.

நானும் ஒரு காலத்தில் சென்னீர்குப்பத்தில் கபடி ஆடியிருக்கிறேன். மூலையில் நின்று காலைப் பிடிக்கிறவன் நான். பாடி வந்தவன் கை கோட்டுப் பக்கம் போனால் பிடித்தவன் இழுக்க வேண்டும். இழுத்தேன்.

கீரைத்தண்டை முறிக்கிற சத்தம். ஒன்று இல்லை, அடுத்தடுத்து மூன்று. காதில் கேட்டதைவிட என் கைமடிப்பில்தான் அதிகம் கேட்டது.

அவன் எதிர்ப்பக்கம் திரும்பியதை எல்லாரும் பார்த்தார்கள். நான் இழுத்ததை யாரும் பார்க்கவில்லை. "அவனே ராங் சைடு உருண்டுட்டான், உன் மேல தப்பு இல்ல" என்றார் மாஸ்டர். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அவனும் அதையே சொன்னான்.

எட்டு நாளாக அந்தக் குதிகால் என் கைமடிப்பில் இருக்கிறது. கையை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்தால் அங்கே இருக்கிறது. பைக்கில் யாராவது ஏற்றிக்கொண்டு போனால் அவர்கள் ஆக்ஸிலேட்டரைத் திருகுவதைப் பார்க்க முடியவில்லை. மேட்டைத் துடைக்கும்போது அந்த மூலைக்கு மட்டும் துணி போகாது. நீலமும் சிவப்பும் சேருகிற இடத்தில் எட்டு நாள் தூசி. போட்டிக்கு வரவில்லை என்று மாஸ்டரிடம் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

ரோடு சேருகிற இடத்தில் நின்றேன். இடது பக்கம் ஆவடி. அங்கே போய்ப் பையை எடுத்துக்கொண்டு ஏதாவது ஊருக்கு ரயில் ஏறிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். இதற்கு முன்பு அப்படித்தான் செய்திருக்கிறேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி நடந்தேன்.

அக்காதான் கதவைத் திறந்தார். "இன்னா, செல்போன வுட்டுட்டு போய்ட்டியா?"

"இல்லக்கா."

அவன் செல்போனில் ஏதோ கபடி மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தான். நான் உட்காரவில்லை.

"நீ திரும்பனப்ப ஒண்ணும் ஆவல" என்றேன். "நான் நிறுத்தி வச்சினுதான் இருந்தேன். உன் கை செவப்பாண்ட போச்சு. அத பாத்துட்டுத்தான் இழுத்தேன்."

செல்போனைக் கவிழ்த்து வைத்தான். அதில் மேட்ச் கத்திக்கொண்டே இருந்தது.

"தொட்டுடுவேன்னா?"

"ஆமா."

"எவ்ளோ தூரம் இருந்துச்சு?"

"நாலு விரல்."

தன் கையை விரித்துப் பார்த்தான். "தொட்டுருப்பேன்" என்றான். விரல்களை மடக்கிக்கொண்டான். குரல் அடங்கியிருந்தது. "எட்டு நாளா நான் என்னியே திட்டிகினு கீறேன்டா. ஏன்டா திரும்புனோம், ஏன்டா திரும்புனோம்னு. நீ இங்க ஒக்காந்து டீ வேற குடிச்ச."

"போ. மொதல்ல வெளிய போ" என்றார் அக்கா.

"இரு" என்றான் அவன். என்னைப் பார்க்கவில்லை. "செலக்‌ஷன் போச்சு. அது போனது போனதுதான். குடோன் வேல ஒண்ணு கீது. செம்பரம்பாக்கத்துல லோடு எறக்குறேன் இல்ல, அது. ரெண்டு நாள்ல நான் வரலன்னா வேற ஆள போட்டுடுவாங்க. நாளிக்கி காலையில நீ போய் நில்லு, என் எடத்துல. சூப்பர்வைசராண்ட நான் பேசிக்கிறேன். நான் வந்ததும் எடத்த வுட்டுட்டு போய்டணும்."

"எத்தினி நாளு?"

"ஆபரேசன் பண்ணி ஒம்போது மாசம்ன்றாரு டாக்டரு."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவனா? ஒம்போது மாசமா? இவன் ஒரு செருப்ப ஒம்போது மாசம் போட்டதில்ல."

அவன் சிரிக்கவில்லை. எப்போதும் சிரிப்பவன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நிப்பேன்" என்றேன்.

அவன் செல்போனைத் திருப்பிக் கையில் எடுத்தான். மேட்ச் முடிந்திருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு குடோனில் நின்றேன். ஏரிக்கரைப் பக்கமிருந்து காற்று வந்தது, உள்ளே அட்டைப்பெட்டி வாசனை. ஒரு கன்டெய்னர் நிறைய ஃப்ரிட்ஜ் வந்திருந்தது. என்னோடு மூன்று பேர். மூத்தவர் கையுறையை மாட்டிக்கொண்டே, "அவன் எடத்துக்கு வந்தவனா நீ? அண்ணாத்தைக்கு இன்னா ஆச்சு, பைக்ல வுழுந்துட்டாப்லியா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன். "நான்தான் அவன் கால ஒடச்சேன்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மூத்தவர் முதல் ஃப்ரிட்ஜைச் சாய்த்தார். பாரம் முழுக்க இறங்குகிற கீழ்ப்பக்கத்தைக் காட்டி, அங்கே போகச் சொன்னார். போய்க் குனிந்து பிடித்தேன்.