வீட்டு ஆட்கள்

சான்சிபார் எங்கே இருக்கிறது என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாராவது கேட்டிருந்தால் அட்லஸைப் புரட்டித்தான் சொல்லியிருப்பேன். இன்று அந்தத் தீவைச் சுற்றியுள்ள கடலில் எந்த மாதம் எந்தப் பக்கமிருந்து காற்றடிக்கும் என்பதுவரை எனக்கு அத்துப்படி. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். சும்மா இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று தெரிந்த பதிப்பாளர் ஒருவர், வெள்ளைக்காரத் தூதர்களும் கப்பல் அதிகாரிகளும் எழுதிய பழைய கடிதங்களைத் தமிழாக்கும் வேலையைக் கொடுத்தார்.

கடல் வழியாக அடிமைகளைக் கொண்டுபோய் விற்பதை நிறுத்த அந்தத் தூதர்கள் அங்கிருந்த சுல்தான்களோடு வருஷக்கணக்கில் பேசியிருக்கிறார்கள். நம் பக்கம் பெண் கேட்டுப் போகிறவர்கள்கூட அவ்வளவு நயமாகப் பேசமாட்டார்கள். ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் சுல்தான் முகம் சுளிப்பார். அதனால் உடன்படிக்கைக்கு உடன்படிக்கை ஏதாவது ஒரு சந்து விட்டு வைத்தார்கள். விற்பதற்கு ஏற்றிப் போனால் குற்றம், கப்பலில் வேலை செய்கிறவர்களும் வீட்டு ஆட்களும் என்றால் குற்றமில்லை. இதே வெள்ளைக்காரன்தான் நம் ஆட்களிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றினான். அதைப் பற்றி இந்தக் கடிதங்களில் ஒரு வரி கிடையாது.

ஒரு கடிதம் என்னை ரொம்பவும் எரிச்சல்படுத்தியது. ஒரு அதிகாரி நடுக்கடலில் ஒரு பாய்மரக் கப்பலை நிறுத்தி ஏறிப் பார்க்கிறார். உள்ளே ஆணும் பெண்ணுமாக ஏகப்பட்ட பேர். யார் இவர்கள் என்று கேட்டதற்கு, எல்லோரும் தன் வீட்டு ஆட்கள், தான் போடும் சோற்றைத்தான் தின்கிறார்கள் என்று கப்பல்காரன் பணிவாகச் சொல்கிறான். அதிகாரி ஆட்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் இறங்கிப் போய்விடுகிறார். மத்தியானச் சாப்பாட்டில் இதைச் சொல்லி நான் பொருமியபோது, "இருநூறு வருஷத்துக்கு முந்தி செத்தவன்மேல இப்ப எதுக்குங்க அம்மணி கோவம்?" என்று என் கணவர் சிரித்தார்.

எங்களுடையது கருமத்தம்பட்டிப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் தறிக்குடோன், அதில் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். பாதிப் பேர் ஒடிசாக்காரர்கள். வேலைக்குச் சேரும்போதே ஆதார் கார்டை வாங்கி எங்கள் பீரோவில் வைத்துவிடுவது என் மாமனார் காலத்து வழக்கத்தின் தொடர்ச்சி. அப்போது ரேஷன் கார்டு, இப்போது ஆதார். கேட்டால் பத்திரத்துக்கு என்போம். ஊருக்குப் போகும்போது என் கணவர் எடுத்துக் கொடுப்பார், வந்ததும் வாங்கிக்கொள்வார். ஆயுத பூஜை அன்று தறிக்குப் பொட்டு வைக்கிற கையோடு அந்தக் கார்டுகளுக்கும் ஒவ்வொன்றாகச் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். எங்களை நம்பி வந்தவர்கள் நன்றாக இருக்கவேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டுதான் வைப்பேன்.

தறிக்கு நூலைத் தாரில் சுற்றித் தரும் ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி மூன்று வருஷமாக எங்களிடம் இருந்தாள். புருஷன் இல்லை, ஒரே மகள். அந்த மகளுக்குத் தலைப்பிரசவம். போன பங்குனியில் ஒரு காலைநேரம் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, கார்டு வேணுங்க. மகளுக்கு நாள் நெருங்கிருச்சு. அங்க யாரும் இல்லைங்க."

கணவர் பின்னாலிருந்து கை காட்டினார், வேண்டாம் என்று. ஆர்டர் முடிய இரண்டு வாரம் இருந்தது. கார்டு கைக்குப் போனால் ஆள் திரும்பாது என்பது அவர் கணக்கு. கார்டு இல்லாமல் ரிசர்வேஷன் பெட்டியில் ஏற முடியாது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

நான் அவள் தோளைத் தொட்டேன். "நீ எங்க ஊட்டு ஆளு கண்ணு. உன்னைய உட்டுருவனா? ரெண்டே வாரம் பொறு. நானே போத்தனூர்ல கொண்டுவந்து ஏத்தி உட்டுப்போடறேன்."

"சரிங்கம்மா," என்று போய்விட்டாள். பிரச்சினை சுமுகமாக முடிந்ததென்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

நான்கு நாள் கழித்துப் பதிப்பாளர் போன் செய்தார். மொழிபெயர்ப்பு நன்றாக இருக்கிறதாம், அந்தக் கப்பல்காரன் பேசுவது மட்டும் மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறதாம். "அவன் வாயிலிருந்து வர்ற மாதிரி எழுதுங்க மேடம்" என்றார். நான் மேசையில் உட்கார்ந்து, அவன் எங்கள் ஊர்க்காரனாக இருந்தால் எப்படிச் சொல்வான் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். "இவங்கெல்லாம் எங்க ஊட்டு ஆளுங்கதானுங்க."

நான்கு நாள் முன்னால் சமையலறை வாசலில் நான் சொன்னதும் இதுதான். அதே பணிவு, அதே குழைவு. ஜன்னலுக்கு வெளியே தறி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது.

பீரோவைத் திறந்து ஒன்பது கார்டுகளையும் எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போனேன். சத்தத்தில் பேச முடியாது, தறியை நிறுத்தச் சொன்னேன். கணவர் ஓடிவந்தார். "என்ன பண்றீங்க? நாளைக்கு ஒருத்தனும் இருக்கமாட்டான்!"

"போறவங்க போவட்டுங்க," என்றேன். அவர் என்னோடு மூன்று நாள் பேசவில்லை.

தன் கார்டை வாங்கிய அந்தப் பெண் முதலில் முந்தானையால் அதன் மேலிருந்த குங்குமத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகுதான் தன் படம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். அன்று சாயங்காலமே போத்தனூரில் ரயிலேற்றிவிட்டேன். ஒன்றரை நாள் ரயில், அதற்குமேல் பஸ். அவள் போய்ச் சேர்வதற்கு முந்தின நாளே குழந்தை பிறந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி துணைக்கு நின்றாளாம். போனில் அவள் அதை வெறும் சேதியாகத்தான் சொன்னாள். நான்கு நாள் முன்னால் போயிருந்தால் என்று நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

மற்றவர்களில் ஒரு தம்பதி மட்டும் திருப்பூருக்குப் போனார்கள். மீதிப் பேர் இருக்கிறார்கள். பீரோவில் கார்டுகள் இருந்த தட்டில் இப்போது என் மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் பிரதி இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து, ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் ஏறி, அவள் திரும்பி வந்தாள். பேரனின் படத்தைக் காட்டினாள். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினாள். ஆதார் கார்டின் ஜெராக்ஸ்.

"இதை வச்சுக்குங்கம்மா. ஒரிஜினல் மககிட்ட பத்திரமா இருக்குங்க."

நான் கேட்கவே இல்லையே, என்னைக்கூடவா நம்பவில்லை என்று முதலில் எனக்குச் சுருக்கென்று கோபம்தான் வந்தது. மூன்று வருஷமாக நாங்கள் அவளை நம்பாததை அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் பொறுத்திருந்தாள். தாளை வாங்கிக்கொண்டு, "சரிங்க" என்றேன். அவளிடம் நான் அப்படி மரியாதை கொடுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை.