மாதா கோயிலில் கை நீட்டிய கதை

என் மனைவி பேசுவாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். பாலர் பள்ளியில் டீச்சர். பகலெல்லாம் அங்கே கத்திவிட்டு வந்து, மிச்சக் குரலை மாலையில் என்னிடம் செலவழிப்பாள். காரைக்கால் கோவில்பத்தில் எங்கள் தெருவில் அன்றைக்கு யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை எனக்கு வந்து சேர்ந்துவிடும். நான் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ‘ம்’ கொட்டுவேன். அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு அது தானாக வரும்.

சுனாமி வந்து போன இரண்டு மூன்று வருடத்தில் அவள் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. தைராய்டு என்றார்கள். தஞ்சாவூரில் பார்த்த டாக்டர், பயப்பட ஒன்றுமில்லை, எடுத்துவிடலாம் என்றார். பிறகு பேனாவை மூடிவிட்டு, குரலுக்குப் போகிற நரம்பு கட்டியை ஒட்டியே ஓடுகிறது, அதில் பட்டுவிட்டால் குரல் கம்மிப் போகலாம், சில பேருக்குத் திரும்பாமலும் போகலாம் என்றார். எனக்கு நாக்கு சும்மா இருக்காது. “அப்ப எங்க வீட்டுக்கு நல்ல காலந்தான் டாக்டர்” என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊர் வந்து சேரும் வரை பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முந்தின நாள் சொன்னாள்: “வேளாங்கண்ணிக்குப் போயி மாதாகிட்ட வேண்டிக்கிட்டு வாங்க.”

“நீயும் வாயேன்.”

“எனக்காக நானே போயி கேக்குறதுல என்ன இருக்கு? நீங்க ஒரு தடவ எனக்காக யாருகிட்டயாச்சும் போயி கேளுங்க. வரும்போது பிரசாதம் வாங்கிட்டு வாங்க.”

திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி என்று எங்கள் வீட்டில் சாமிகளுக்குள் பேதம் பார்ப்பதில்லை. அதாவது, அவள் பார்ப்பதில்லை. நான் எந்த ஊருக்குப் போனாலும் வாசலில் நின்று செருப்புக்குக் காவல் இருக்கிற ஆள். அந்தப் பதவியில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. உள்ளே என்ன நடக்கும் என்பது மட்டும் தெரியாது.

வேளாங்கண்ணியில் இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வெள்ளைக் கோபுரங்களில் விளக்கு போட ஆரம்பித்திருந்தார்கள். கடைகளில் மெழுகுவர்த்திக்குப் பக்கத்திலேயே வெள்ளி பூசிய தகடுகளைப் பரப்பியிருந்தார்கள். கண், கை, கால், குழந்தை, வீடு என்று எதற்கு வேண்டுதலோ அந்த உருவத்தை வாங்கிச் செலுத்த வேண்டும்.

“தொண்டை இருக்குங்களா?” என்று கேட்டேன்.

கடைக்கார அம்மா தகடுகளைக் கிளறிப் பார்த்தார். “தொண்டை தனியா வர்றதில்லைங்க. பொம்பள உருவம் முழுசா இருக்கு. தொண்டை அதுலயே அடக்கம்.”

பதினெட்டு வருடமாகக் கூடவே இருந்தும் எனக்குத் தோன்றாத விஷயம் அது. முழுசாகவே வாங்கினேன்.

“இப்பப் பூசை ஆரம்பிச்சிருவாங்க. சீக்கிரம் போங்க” என்றார் அந்த அம்மா.

பூசை என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? மணி அடிப்பார்கள், கற்பூரம் காட்டுவார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டால் முடிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், தகட்டைப் பிரித்துக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டு ஒரு பெஞ்சின் ஓரத்தில் நின்றேன். கூட்டம் உட்கார்ந்தது, நான் நின்றேன். நான் உட்கார்ந்தபோது எல்லோரும் எழுந்தார்கள். அவர்கள் முழங்காலில் நின்றபோது நான் பெஞ்சுக்கடியில் எதையோ தொலைத்தவன் மாதிரி குனிந்துகொண்டேன். நடுவில் வேண்டிக்கொள்ளவும் பார்த்தேன். ‘மாதாவே’ என்று ஆரம்பித்தால் அடுத்த வார்த்தை வரவில்லை. அலுவலகத்தில் எத்தனையோ பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான். குரல், என் மனைவி, நரம்பு என்று மூன்று வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவ்வளவுதான் முடிந்தது.

பிறகு ஜனங்கள் எழுந்து வரிசையாக முன்னால் போனார்கள். சாமியார் ஒவ்வொருவருக்கும் எதையோ கொடுத்தார். அப்பாடா, இது எனக்குத் தெரியும். வரிசையில் நின்று, தீர்த்தத்துக்கு ஏந்துவது போல வலது கையைக் குழித்து நீட்டினேன். சாமியார் தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னார். “சரிங்க சாமி” என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, வெள்ளையாக, வட்டமாக, மெல்லிசாக ஒன்றை உள்ளங்கையில் வைத்தார். பிரசாதத்தைத் தனியாகத் தின்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. தகடு சுற்றியிருந்த தாளில் அதைப் பத்திரமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

வெளியே வந்தபோது இருட்டிவிட்டது. கோயில் முழுக்க விளக்கு எரிந்தது. போன காரியம் முடிந்த தெம்பில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

“அண்ணே, நில்லுங்க. நற்கருணைய வாயில போட்டீங்களா?”

உள்ளே கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த பெண். மூச்சு வாங்க ஓடி வந்திருந்தார்.

“பிரசாதத்தையா? வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேங்க. பாதி எனக்கு, பாதி வீட்டுல அவங்களுக்கு.”

அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “அது பிரசாதம் இல்லைங்க. ஆண்டவரோட திருவுடல். எங்க சனம் வாங்கின எடத்துலயே வாயில போடணும். வெளிய கொண்டு போகவே கூடாது. உங்களுக்கு எந்த ஊரு?”

“காரைக்கால்.”

உடனே ஓர் அடி கிட்ட வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். எல்லை தாண்டி எங்கே போனாலும் எங்கள் ஊர்க்காரனுக்குக் கிடைக்கிற பார்வைதான். எங்கள் ஊரில் சரக்கு விலை குறைவு. “நான் குடிக்கிறதில்லைங்க” என்றேன். கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னதும் அவருடைய சந்தேகம் இன்னும் அதிகமாயிற்று.

கொடுங்கள் என்று கையை நீட்டினார். நான் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டேன். இந்த இடத்தில் என்னைப் பார்த்து நீங்கள் சிரிக்கலாம். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. அதைக் கொடுத்துவிட்டால் அவள் குரலையே கொடுத்துவிட்டு வந்த மாதிரி ஆகிவிடும் என்று நிஜமாகவே நம்பினேன். சாமி இல்லை என்று டீக்கடையில் மணிக்கணக்கில் வாதாடியவன், நடு முற்றத்தில் நின்று, “வீட்டுல அவங்களுக்குத் தொண்டையில ஆபரேஷங்க. பேச்சு வராமப் போயிடும்னு சொல்றாங்க. வெறுங்கையோட போக முடியாதுங்க” என்று அழாத குறையாகச் சொன்னேன்.

அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. மறுபேச்சில்லாமல் என்னைப் பீடத்துக்குப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். சாமியார் என்னைவிடச் சின்ன வயது. பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், திட்டவில்லை.

“தப்பு எங்க மேலயும் இருக்கு. நீங்க ஆமென்னு சொல்லாம சரிங்கன்னு சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்” என்றார். மனைவியின் பெயரைக் கேட்டுக் கண்ணை மூடி ஜெபம் செய்தார். “சொகமானதும் கூட்டிட்டு வாங்க. நன்றிய அவங்க வாயாலயே சொல்லட்டும்.”

வீட்டுக்கு வந்ததும், “பிரசாதம் எங்க?” என்று கேட்டாள். பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். பிறகு நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். ‘சரிங்க சாமி’ வந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். தஞ்சாவூரிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அந்தச் சத்தம் அடுத்த வாரம் இருக்குமா என்று நினைத்தபோது எனக்குப் பயமாக இருந்தது. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஆபரேஷன் நடந்த மறுநாள் காலை டாக்டர் வந்தார். “எங்க, ஏதாவது பேசுங்கம்மா” என்றார். எங்கள் வீட்டில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதே கிடையாது. அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். “அவசரமில்ல, மெதுவா” என்றார் டாக்டர். எச்சிலை விழுங்கிவிட்டு என் பக்கம் விரலை நீட்டினாள். கரகரவென்று, யாரோ பெரியவர் ஒருவர் பேசுகிற மாதிரி ஒரு குரல் வந்தது.

“இவரு மாதா கோயில்ல போயி என்ன பண்ணுனாருன்னு தெரியுமா டாக்டர்?”

போதும் என்றார் டாக்டர். நர்ஸும் போதும் என்றார். அவள் கேட்கவில்லை, ஒவ்வொரு வார்த்தையாகப் பிடித்து இழுத்து, நான் தொண்டை வாங்கப் போன இடத்திலிருந்து ஆரம்பித்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு நான் சொன்னேன்: “இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு.”