மஞ்சள் முக்கோணம்

ஸ்டெஃபிட்சா ஸ்லவோனியாவின் அந்தச் சின்ன ஊர்க் கிளினிக்கில் நர்ஸாகச் சேர்ந்தபோது மருந்துச் சீட்டைப் பேனாவால் எழுதினார்கள். இப்போது டாக்டரின் கார்டை மேசைமேல் உள்ள ரீடரில் செருகினால்தான் சீட்டு மருந்துக்கடைக்குப் போகும். அந்தச் சனியன் அடிக்கடி மக்கர் பண்ணும். அப்போதெல்லாம் மகள் டுன்யாவுக்குப் போன் போடுவாள். மகள் சொல்லச் சொல்ல இவள் அமுக்குவாள். இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

இன்று டுன்யா வேலைக்காக ஜெர்மனிக்குப் போகிறாள். மகன் முன்பே போய்விட்டான். வீட்டில் இனி ஸ்டெஃபிட்சா ஒருத்திதான். பஸ் கிளம்பும் முன் ஓடிப்போய் மகளைக் கட்டிப்பிடித்துவிட்டு வந்துவிடலாம் என்றிருந்தாள். பார்த்தால், கம்ப்யூட்டர் ராத்திரியோடு ராத்திரியாகத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, 'கார்டு ரீடர் இல்லை' என்கிறது. கண்ணெதிரே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறது, இல்லையாம்!

டாக்டர் லோவ்ரிச் எட்டிப் பார்த்தார். நல்ல மனுஷர். கம்ப்யூட்டர் என்றால் மட்டும் காததூரம் ஓடுவார். "நீயே பாத்துக்கம்மா" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே பெஞ்சு நிறைய ஆள். வருகிறவர்கள் "கடைசி யாரு?" என்று கேட்டு உட்கார்ந்தார்கள். முதல் ஆள் கிழவர் பாவோ. இன்சுலின் நேற்றோடு தீர்ந்துவிட்டது. நாளை மாதா பண்டிகை. மருந்துக்கடை இன்று மதியத்தோடு மூடிவிடும்.

"நீ போய்ட்டு வா சிஸ்டர். நான் ஒண்ணும் செத்துட மாட்டேன்."

"செத்துட்டா உங்க சம்சாரத்துக்கு யாரு பதில் சொல்றது? பேசாம உக்காருங்க."

"ஓங்கி ஒரு தட்டு தட்டு சிஸ்டர். எங்க டிவிக்கு அதான் வைத்தியம்" என்றாள் பெஞ்சிலிருந்து ஒருத்தி.

ஸ்டெஃபிட்சா போனை எடுத்தாள்.

"அம்மா, பஸ் வந்துருச்சு. நீ எங்க இருக்க?"

"எங்கடி வர்றது? மறுபடி அதே எழவு."

டுன்யா, "டிவைஸ் மேனேஜரைத் தொற. ரீடர் பேர்ல மஞ்சள் முக்கோணம் இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"அதை அன்இன்ஸ்டால் பண்ணு. ஒயரைப் பிடுங்கு. ரீஸ்டார்ட் பண்ணிட்டு மறுபடி சொருகு."

கம்ப்யூட்டர் ஆடி அசைந்து எழுந்தது. அதற்குள் எவ்வளவோ சொல்லியிருக்கலாம். ஸ்டெஃபிட்சாவுக்கு "ரொட்டியில கறி வெச்சிருக்கேன். சீக்கிரம் சாப்டுடு, வெயில்ல கெட்டுப்போயிடும்" என்றுதான் வாயில் வந்தது.

"சரிம்மா."

திரையில் மறுபடி அதே மஞ்சள் முக்கோணம்.

"என்னத்தம்மா அமுக்குன?"

"ரீடருக்கான டிரைவர் சாஃப்ட்வேரை நானே தேடிக்கவான்னு கேட்டுச்சு. சரின்னுட்டேன்."

"எத்தனை தடவம்மா சொல்றது, தேட விடாதன்னு? அது புதுசப் போட்டுக்கும். புதுசு நம்ம ரீடருக்கு ஆகாது. லிஸ்ட்ல இருந்து பழசை நீயே எடு. சீக்கிரம்மா, பஸ்காரன் சிகரெட்டை அணைச்சுட்டான்."

பழசைத் தேர்ந்தெடுத்தாள். ரீடரில் பச்சை விளக்கு எரிந்தது. பாவோவின் சீட்டு போய்ச் சேர்ந்தது.

"வந்துருச்சுடி."

"வண்டி கிளம்பிடுச்சும்மா. உங்க கிளினிக் தெரு வழியாத்தான் வரும். ஜன்னல்கிட்ட நில்லு, கை காட்டுறேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். பஸ் வந்தது. கண்ணாடிகளில் வெயில் அடித்துக் கண் கூசியது. மகள் எந்த ஜன்னலில் என்று தெரியவில்லை. ஸ்டெஃபிட்சா முதல் ஜன்னலிலிருந்து கடைசி ஜன்னல்வரை எல்லாவற்றுக்கும் கை காட்டினாள்.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன்டி. நல்லாவே தெரிஞ்ச."